ஆற்றங்கரை வீட்டை விற்கப்போகிறார்கள்: ஒரு வாசகிக்கு வழக்கறிஞரின் பதில்

அறுபதை நெருங்கும் வாசகி ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் தவிர்த்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் பிறந்து வளர்ந்த ஊர் அம்பாசமுத்திரம். தாமிரபரணிக்கு நடந்தே போய்விடக்கூடிய தெருவில், திண்ணையும் தார்சாலும் பட்டாசாலையும் முற்றமும் மச்சும் கொண்ட ஒரு பழைய வீடு. அவருடைய தாத்தா நெல் வியாபாரத்தில் சம்பாதித்த பணத்தில் 1941இல் கிரையம் வாங்கிய வீடு அது. விடியும் முன்பே ஆச்சி மூன்று பேரப்பிள்ளைகளையும் ஆற்றுக்கு அழைத்துப்போய்க் குளிப்பாட்டி, திரும்பும் வழியில் காசிநாதர் கோயிலில் திருநீறு பூசிவிட்டு வருவதும், ஆனி ஆடி மாதங்களில் மேற்கே மலையிலிருந்து இறங்கும் சாரல் முற்றத்தின் வழியாகப் பட்டாசாலைவரை அடிக்க, நனையாத மூலையில் மூவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து வறுத்த கடலை தின்பதும், செங்கோட்டை ரயிலின் ஊதல் கேட்டதும் அம்மா அடுக்களையில் விளக்கேற்றுவதும், அக்கரையில் கல்லிடைக்குறிச்சி வீடுகளில் உலர்த்தியிருக்கும் அப்பளத்தைப் பார்க்கவென்றே அண்ணனோடு பாலம் கடந்து நடந்ததும் கடிதத்தின் முதல் மூன்று பக்கங்களை நிறைத்திருக்கின்றன. நான்காவது பக்கத்தில்தான் வழக்கு வருகிறது.

தாத்தா 1974இலும் ஆச்சி 1983இலும் காலமானார்கள். அப்பா அவர்களுக்கு ஒரே பிள்ளை. அப்பா 2012இலும் அம்மா 2022இலும் இறந்தார்கள். நால்வருமே உயில் எழுதவில்லை. மூத்த அண்ணன் சென்னையிலும் தம்பி அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதற்காக ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். இருவருக்கும் விற்கச் சம்மதம். தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக வாசகி எழுதித்தர வேண்டிய ஒரு விடுதலைப் பத்திர நகலை அண்ணன் அனுப்பி, “நீ கையெழுத்துப் போட்டுவிடு, கிரையம் முடிந்ததும் உனக்குரியதைத் தந்துவிடுகிறேன்” என்று சொல்லியிருக்கிறார். வாசகியின் திருமணம் 1988இல் நடந்தது. “1989க்கு முன்பே கல்யாணமானவளுக்குப் பங்கு கிடையாதாமே, பட்டாவும் அண்ணன் பெயரில்தான் இருக்கிறதாமே, அப்படியானால் என் பால்யமெல்லாம் இருக்கும் அந்த வீட்டை இடிக்காமல் காப்பாற்றச் சட்டத்தில் ஏதாவது வழி உண்டா?” என்பது அவருடைய கேள்வி. பூட்டியிருக்கும் வீட்டின் சாவியை அண்ணனிடம் கேட்பதற்குக்கூடத் தயக்கமாக இருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் முதல் மூன்று பக்கங்களை, வழக்குக்குத் தேவையற்றவை என்று நான் தள்ளிவிடவில்லை. நீங்கள் உண்மையில் எதை இழக்க அஞ்சுகிறீர்கள் என்பது அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. அது தெரியாமல் சொல்லும் சட்ட ஆலோசனையால் உங்களுக்குப் பயன் இராது. ஆயினும் முதலில் உங்கள் உரிமையைப் பற்றிய அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். தனக்குப் பங்கே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவரால் எந்த முடிவையும் நிதானமாக எடுக்க முடியாது.

உங்களுக்குப் பங்கு உண்டு. அது மூன்றில் ஒன்று

1989ஆம் ஆண்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது முற்றிலும் பொய்யல்ல. ஆனால் அது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை கொடுத்தது. அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகள்களை மட்டும் அதிலிருந்து விலக்கியது. அந்த விலக்கைத்தான் உறவினர்கள் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் வீடோ, நாம் பேச்சுவழக்கில் பூர்விகச் சொத்து என்று சொன்னாலும், சட்டத்தின் பார்வையில் கூட்டுக்குடும்பச் சொத்து அல்ல. தாத்தா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது அது. அவர் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு உயில் எழுதாமல் இறந்ததால், அது ஆச்சிக்கும் அப்பாவுக்கும் சரிபாதியாகப் போயிற்று. ஆச்சியின் பாதியும் பிறகு அப்பாவையே அடைந்தது. இவ்வாறு வந்த சொத்து அப்பாவின் தனிச்சொத்து. அவர் காலமானபோது அம்மா, அண்ணன், நீங்கள், தம்பி ஆகிய நால்வரும், சட்டம் முதலிடம் தரும் முதல் வகுப்பு வாரிசுகளாக, ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு பெற்றீர்கள். அம்மாவின் கால் பங்கு அவருக்குப் பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கியது. கூட்டிப் பார்த்தால் உங்கள் பங்கு மூன்றில் ஒன்று. தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்குள்ள இந்தச் சமபங்கு 1956 முதலே இருந்துவருவது. உங்களுக்கு எந்த ஆண்டில் திருமணம் நடந்தது என்ற கேள்விக்கு இதில் இடமே இல்லை.

ஒருவேளை அது கூட்டுக்குடும்பச் சொத்தாகவே இருந்திருந்தாலும் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் திருமணமான மகள், ஆகாத மகள் என்ற வேறுபாட்டை நீக்கியது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

பட்டா அண்ணன் பெயரில் இருப்பதாலும் உங்கள் உரிமை போய்விடாது. பட்டா வருவாய்த்துறையின் பதிவேயன்றி உரிமை ஆவணம் ஆகாது. கூட்டுரிமையாளர் ஒருவரிடம் வீடு இருக்கிறதென்றால் அவர் எல்லோர் சார்பிலும் வைத்திருக்கிறார் என்றுதான் சட்டம் கொள்ளும். உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அது உங்களுக்கும் தெரிந்த நிலையில் பன்னிரண்டு ஆண்டுகள் வைத்திருந்தால்தான் நிலைமை மாறும். உங்கள் அண்ணன் அப்படி மறுத்ததாக உங்கள் கடிதத்திலேயே இல்லை. “உனக்குரியதைத் தருகிறேன்” என்ற அவருடைய சொற்களில் உங்கள் பங்கை அவர் ஒப்புக்கொள்வது தெரிகிறது.

அந்த விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம்

அண்ணன்மீது சந்தேகம் கொள்ளச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். விடுதலைப் பத்திரம் பதிவானதும் உங்கள் பங்கு அந்தக் கணமே அவருடையதாகிவிடும். பிறகு தருவதாகச் சொன்ன தொகை வெறும் வாய்மொழியாக நிற்கும். நாளை அவருக்கே ஏதாவது நேர்ந்துவிட்டால், அவர் பிள்ளைகளிடம் போய் அந்தப் பேச்சை நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள்? விற்பதென்று முடிவானால் மூவரும் சேர்ந்து கிரையப் பத்திரம் எழுதிக்கொடுப்பதே ஒழுங்கு. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கின் வழியாகச் செலுத்தப்பட்டது என்பது அந்தப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். தம்பி நேரில் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகார ஆவணத்தை (பவர் பத்திரம்) அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதை மட்டும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

நினைவைக் காட்டி விற்பனையைத் தடுக்க முடியுமா?

முடியாது. உங்களுக்கு மிகவும் வருத்தம் தரக்கூடிய பதில் இதுதான் என்று எனக்குத் தெரியும்; ஆனாலும் தெளிவாகச் சொல்லிவிடுவதே முறை. ஆற்றங்கரைச் சிற்றூரில் வளர்ந்து, இன்று நகரத்தில் வாழும் எனக்கும் உங்கள் ஏக்கம் அந்நியமானதல்ல. ஆனால் ஒரு கூட்டுரிமையாளர் தன் பங்கைப் பிரித்துக் கேட்பதையோ விற்பதையோ, “நான் வளர்ந்த வீடு” என்ற காரணத்தைக் காட்டி இன்னொருவர் நிரந்தரமாகத் தடுக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பாகப்பிரிவினை வழக்கு போட்டால், அது முடியும்வரை வீட்டை இடிக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை பெறலாம். பங்கு பிரியாத பொது வீட்டை ஒருவர் தன் விருப்பத்துக்கு இடிக்க முடியாது என்பதால் அது பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் இறுதியில் என்ன ஆகும் என்று பாருங்கள். முற்றம் நடுவே உள்ள பழைய வீட்டை மூன்றாக அறுத்துக் கொடுக்க முடியாது. அப்படி வசதியாகப் பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணத்தைப் பகிரும்படி உத்தரவிட 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்டால் போதும். உங்கள் சகோதரர்கள் இருவரிடமும் சேர்த்து மூன்றில் இரண்டு இருக்கிறது. நீங்கள் பல ஆண்டுகள் அம்பாசமுத்திரம் நீதிமன்றத்துக்கு அலைந்த பிறகும் வீடு ஏலத்தில் போகலாம். பூட்டிக்கிடக்கும் அந்த ஆண்டுகளில் ஓடும் உத்தரமும் கெட்டுப்போயிருக்கும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். “அவர்களுக்கு அந்த வீட்டின்மேல் பாசமே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தின் வேறோர் இடத்தில், அப்பா போன பிறகு ஓடு மாற்றியதும் வீட்டு வரி கட்டியதும் அண்ணன்தான் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நீங்கள் 1988இல் மாலையோடு புறப்பட்ட அந்த வீட்டை அவர் இத்தனை ஆண்டுகளாக ஒழுகலும் கரையானுமாகப் பார்த்துவந்திருக்கிறார். உங்களுக்குச் சாரல் என்றால் போர்வையும் கடலையும். அவருக்கு ஒவ்வொரு சாரலும் கொத்தனாருக்கான செலவாக வந்திருக்கும். அதனால் அவர் பால்யத்தை மறந்துவிட்டார் என்று ஆகாது. அவசியமான பராமரிப்புக்கு ஒரு கூட்டுரிமையாளர் செய்த செலவில் மற்றவர்களும் தத்தம் பங்கை ஏற்பதே நியாயம், சட்டமும் அதை ஏற்கும். கணக்குப் பேசும்போது அந்தத் தொகையை அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் எடுத்துச் சொன்னால், பேச்சு போகும் திசையே மாறக்கூடும்.

உங்கள் கையில் உள்ள உண்மையான வழி: முதலில் வாங்கும் உரிமை

நினைவுக்குச் சட்டம் இடம் தரவில்லை என்றாலும், வாங்க விரும்பும் உடன்பிறந்தவருக்கு முன்னுரிமை தருகிறது. இதைப் பலரும் அறிவதில்லை. வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆவது பிரிவின்படி, இறந்தவரின் அசையாச் சொத்தைச் சேர்ந்து பெற்ற முதல் வகுப்பு வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை விற்க முன்வந்தால், வெளியாருக்குப் போகும் முன் அதை வாங்கிக்கொள்ளும் உரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு. விலையில் உடன்பாடு ஏற்படாவிட்டால் நீதிமன்றம் விலையை நிர்ணயிக்கும். அப்பாவிடமிருந்து நேராக வந்த பங்குகளுக்கு இது தெளிவாகப் பொருந்தும். அம்மா வழியாக வந்த சிறு பங்குக்குப் பொருந்துமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு, ஆனால் அந்தச் சிறு பங்கை மட்டும் எந்தக் கட்டுமானக்காரரும் வாங்க வரமாட்டார். வழக்கென்று போய், சகோதரர்கள் விற்பனை கேட்டாலும்கூட, 1893ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவில், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அவர்கள் பங்குகளை நீங்களே வாங்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். குடும்பத்துக்குள் ஒருவர் மற்றவருக்கு எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை வெளியாருக்குக் கொடுக்கும் கிரையத்தைவிட மிகக் குறைவு, அதற்கு உச்சவரம்பும் உண்டு. இன்றைய வீதத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் வாங்குவதா என்பது சட்டத்தோடு முடியும் கேள்வியல்ல. ஓய்வுப் பணம் முழுவதையும் போட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள்; உங்கள் கணவர் தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆற்றுக்கு அருகில் உள்ள வீடு என்பதால், 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் தாமிரபரணி கரைபுரண்டபோது அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அக்கம்பக்கத்தாரிடம் விசாரியுங்கள். கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துச் சுவரும் உத்தரமும் இன்னும் எத்தனை காலம் தாங்கும், பழுதுபார்க்க என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு, வாங்கினால் அங்கே யார் குடியிருப்பார்கள் என்று உங்களையே கேளுங்கள். நீங்கள் எழுதிய மூன்று பக்கங்களைத் திரும்பப் படித்தால், அவற்றில் பாதி அந்த வீட்டில் நடந்தவையே அல்ல. ஆற்றுப் படித்துறையும் கோயிலும் சாரலும் கல்லிடைக்குறிச்சிப் பாலமும் யாருடைய கிரையத்திலும் சேராதவை. வீடு கைமாறினாலும் அவை உங்களுக்கு இருக்கும். மாறாக, ஆச்சியும் மீட்டர்கேஜ் ரயிலும் வீட்டை வாங்கினாலும் திரும்பி வரமாட்டார்கள். அந்தத் தடமே 2012இல் அகலப்பாதையாகிவிட்டது. இவை போக, அந்த வீட்டுச் சுவர்களுக்குள் மட்டுமே இருப்பது எது என்று பாருங்கள். முற்றம் ஒன்றுக்காகவே வாங்கலாம் என்று உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் தோன்றுமானால், உங்கள் முதுமைக்கு வேண்டிய தொகையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதிக்குள் முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். அதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன்.

இடைப்பட்ட ஒரு வழியும் இருக்கிறது. புறவாசலில் மாட்டுத் தொழுவமும் தோட்டமுமாக வீட்டைவிடப் பெரிய மனை இருப்பதாகவும், அதற்குப் பின்பக்கம் தனிப் பாதை உண்டென்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முன்கட்டு வீடு உங்கள் பங்காகவும் பின்மனை சகோதரர்களின் பங்காகவும் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, மதிப்பில் உள்ள வித்தியாசத்தை மட்டும் பணமாகக் கொடுத்து வாங்கி நேர்செய்துகொள்ளலாம். கட்டுமானக்காரருக்கு வேண்டியது மனைதானே. அவர் விலையைக் குறைத்துக் கேட்பார், அவ்வளவுதான். இந்த மூன்று வழிகளில் எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுவது இதுவே. மனையை அளந்து வரைபடம் எடுத்த பிறகுதான் இது நடக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

விற்பதே முடிவானால்

தலைவாசல் கதவையும் பட்டாசாலை ஊஞ்சலையும் மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது நல்லது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, வீட்டை விற்றால் அதன் பூட்டு, சாவி, கதவு, சன்னல் முதலாக அந்த வீட்டின் நிலையான பயன்பாட்டுக்கென அமைந்த எல்லாமே வாங்குபவரைச் சேரும், வேறுவிதமாக எழுதிக்கொண்டாலன்றி. ஆகவே கதவு, நிலை, ஊஞ்சல், தூண் என்று உங்களுக்கு வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இவை விற்பனையில் அடங்கா என்று கிரைய ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்யுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு கேட்டால் அது தயவாகிவிடும். வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கும் தேதியையும் சில மாதங்கள் தள்ளிப் போடச் சொல்லுங்கள்; இடிப்பதற்கு முன் மூவரும் குடும்பத்தோடு ஒருமுறை கூடவும், அறை அறையாக அளந்து படமெடுத்து வைக்கவும் அந்த அவகாசம் வேண்டும்.

பேச்சு முறிந்துவிடும் போலிருந்தால் நேரே வழக்குக்குப் போக வேண்டியதில்லை. வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் மனுக் கொடுத்தால், வழக்கு தொடுக்கும் முன்பே சமரசத்துக்கு இரு தரப்பையும் அழைப்பார்கள். பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி உங்களுக்கு உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசம் தீர்ப்பாணைக்குச் சமமானது, அதன்மேல் முறையீடு கிடையாது.

சாவியைப் பற்றிய உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். கூட்டுரிமையாளர் ஒவ்வொருவருக்கும் அந்த வீட்டில் நுழையவும் தங்கவும் உரிமை உண்டு. அண்ணனிடம் சாவி கேட்பது சலுகை கேட்பதாகாது. இந்த வாரமே அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தம்பிக்கும் மதினிக்கும் அதன் நகலை அனுப்புங்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட இயலாது என்பதையும், பராமரிப்புச் செலவில் உங்கள் பங்கைத் தரத் தயார் என்பதையும், முன்கட்டை வாங்கவோ பிரித்துக்கொள்ளவோ விரும்புகிறீர்கள், அதற்கு விலை பேச மூன்று மாத அவகாசம் வேண்டும் என்பதையும் அதில் தெளிவாகச் சொல்லுங்கள். எனக்கு எழுதிய மூன்று பக்கங்களையும் அதோடு சேர்த்தே அனுப்புங்கள். ஒரே போர்வைக்குள் இருந்த மற்ற இருவரும் அவற்றை இதுவரை படித்ததில்லை. கடிதத்தின் நகலையும், 1941ஆம் ஆண்டின் மூலப்பத்திரம், அப்பா அம்மா இருவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இன்றைய தேதிவரையிலான வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றையும் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டு, அம்பாசமுத்திரத்தில் உள்ள ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வில்லங்கச் சான்றிதழில் உங்களுக்குத் தெரியாத பதிவு ஏதாவது தென்பட்டால், மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே எனக்கு எழுதுங்கள்.